சந்தேகத்தின் பலன்

23 ஜூன் 2014

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கடையில் இந்த நோட்டை வாங்கினேன். இருநூறு பக்கம், கோடு போட்டது. "பரீட்சை எழுதப் போறவங்க தினமும் ஏதாச்சும் எழுதிப் பழகணும்" என்று படிப்பு மையத்தில் விண்ணப்பம் கொடுத்தவர் சொன்னார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் டிரிப் ஷீட்டும் லீவு லெட்டரும்தான்.

பெயர் சவரிமுத்து. வயது நாற்பத்தாறு. திண்டுக்கல் டிப்போவில் பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டினேன். இப்போது பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று குறிக்கிறேன். முதுகுவலி என்று எழுதிக் கொடுத்து இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். முதுகு வலிப்பது உண்மைதான்.

எழுத ஆரம்பித்துவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன். 2011 செப்டம்பர் ஒன்பதாம் தேதி, கரூர் போகும் முதல் டிரிப். வேடசந்தூர் தாண்டி இடது பக்கச் சந்திலிருந்து மொபெட்டில் வந்தவர் என் பஸ்ஸில் அடிபட்டு அங்கேயே இறந்துபோனார். பெயர் கண்ணுச்சாமி. நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். கேஸ் இரண்டரை வருஷம் நடந்தது. இடது பக்கம் பார்த்தேன், யாரும் இல்லை என்று சொன்னேன். சந்து முனை திறந்தவெளியாகத்தான் இருந்தது என்று கண்ணுச்சாமியின் மைத்துனர் சாட்சி சொன்னார். இந்த மார்ச்சில் தீர்ப்பு வந்தது. மொபெட் திடீரென்று வந்திருக்கலாம் என்று சந்தேகத்தின் பலனை எனக்கு அளித்து விடுதலை.

அவ்வளவுதான். இனி படிப்பைப் பற்றி மட்டும்.

தபால் வழியில் பி.ஏ. படிக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு. பாடங்களின் பட்டியலை பிலோமினாவிடம் காட்டினேன். அவள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டில் எந்த பாரத்தையும் நிரப்புவது அவள்தான்.

"தமிழ் எடுங்க. இல்லாட்டி வரலாறு. தத்துவத்தைப் படிச்சு என்ன செய்யப் போறீங்க?"

"சும்மாதான்."

"சும்மா படிக்கிறதுக்கு யாராச்சும் பரீட்சை எழுதுவாங்களா?"

தத்துவத்துக்கு நேரே டிக் அடித்துவிட்டேன்.

25 ஜூன் 2014

கண்டக்டர் காஜாமைதீனிடம் சொன்னது தப்பாகிவிட்டது. மத்தியானத்துக்குள் ஸ்டாண்டு முழுக்க எனக்கு 'தத்துவம்' என்று பெயர்.

20 ஜூலை 2014

முதல் வகுப்பு. ஒரு மேல்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு அறை. பெஞ்சுக்கும் என் முட்டிக்கும் ஒத்துப்போகவில்லை. மொத்தம் ஐந்து பேர். இரண்டு கன்னியாஸ்திரிகள், ஒரு சிறைக் காவலர், செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு பெண், நான்.

பாடம் நடத்தும் தமயந்தி மேடத்துக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, எல்லோரையும் ஏன் இந்தப் பாடம் எடுத்தீர்கள் என்று கேட்டார். சிறைக் காவலர் பதவி உயர்வு என்றார். செல்போன் கடைப் பெண்ணிடம், இதில்தான் கணக்கு இல்லை என்று யாரோ சொன்னார்களாம். என் முறை வந்தது.

"சும்மாதான் மேடம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சும்மா வர்றவங்கதான் கடைசி வரைக்கும் வர்றாங்க சார். பதவி உயர்வு கிடைச்சா பாதியில நின்னுடுவாங்க" என்றார்.

காவலருக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு வெகுநாளைக்குப் பிறகு ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பது பிடித்திருந்தது.

9 செப்டம்பர் 2014

லீவு. வேடசந்தூர் பக்கம் ஒரு வேலை இருந்தது. போனேன். டீ குடித்தேன். வந்துவிட்டேன்.

16 நவம்பர் 2014

பிலோமினா ஒரு திட்டம் போட்டிருக்கிறாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று வருஷத்தையும் மூன்று கட்டமாகப் பிரித்து, எந்தப் பாடம் எப்போது, எந்த அசைன்மெண்ட் எந்தத் தேதிக்குள் என்று அங்கன்வாடி கலர் குச்சிகளால் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டாள். முதல் வருஷம் பச்சை: தத்துவ அறிமுகம், அளவையியல். இரண்டாம் வருஷம் ஆரஞ்சு: அறிவாய்வியல், இந்தியத் தத்துவம். மூன்றாம் வருஷம் ஊதா: அறவியல். கடைசியில் பட்டம் வாங்குகிற மாதிரி ஒரு ஆளை வரைந்திருக்கிறாள். வயிறு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. நான்தானாம்.

ஒரு வாதம் சரியா தப்பா என்று பார்க்கும் அளவையியல்தான் உயிரை எடுக்கிறது. இன்று மேடம் ஒரு உதாரணம் கொடுத்தார். எல்லா பஸ்களும் வண்டிகள். சில வண்டிகள் நீல நிறம். ஆகவே சில பஸ்கள் நீல நிறம். இது தப்பான வாதம் என்றார். ஸ்டாண்டுக்குப் போனதும் காஜாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"இதுல என்ன தப்பு? நம்ம டிப்போவுலயே நீல பஸ் நிக்குதே!"

"நிக்குது. ஆனா இந்த ரெண்டு வாக்கியத்தை வெச்சு அதைச் சொல்ல முடியாது."

"கண்ணு முன்னாடி நிக்கிறதைச் சொல்லறதுக்கு எதுக்குண்ணே வாக்கியம்?"

சொல்லத் தெரியாமல் மேடத்துக்கு போன் போட்டேன். "முடிவு சரியா இருக்கலாம் சார். வந்த வழி தப்பு. ரெண்டும் வேற வேற" என்றார்.

முடிவு சரி, வந்த வழி தப்பு. மூன்று பஸ்கள் கிளம்பிப் போனதைக் குறிக்காமல் விட்டுவிட்டேன்.

24 மே 2015

பரீட்சை முடிந்தது. இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையை நீவிவிட வேண்டியிருந்தது. இவ்வளவு எழுதி முப்பது வருஷம் இருக்கும்.

12 ஆகஸ்ட் 2015

அளவையியலில் அரியர். மற்றதெல்லாம் பாஸ். பிலோமினா காலண்டர் தாளில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் அழித்து, அடுத்த வருஷத்துக்குத் தள்ளி எழுதினாள். திட்டவில்லை. சிறைக் காவலருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. இனி நாங்கள் நான்கு பேர்.

9 செப்டம்பர் 2015

வேடசந்தூர். டீக்கடைக்காரர், "யாரையாச்சும் பாக்கணுமா? போன வருஷமும் வந்து இப்படித்தான் நின்னீங்க" என்றார். பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றேன். அந்த இடத்தில் பஸ் நிற்காது. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

11 ஜனவரி 2016

இன்று ஸ்டாண்டில் ஒரு அசிங்கம். பஸ்கள் வெளியே போகும் வாசலில் கல்யாண பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். நகர்த்தச் சொன்னேன். முடியாது என்றார்கள். என் குரல் எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு ஏறிவிட்டது. கூண்டிலிருந்து இறங்கிப் போய் நானே கயிற்றை அறுத்துவிட்டேன். மாப்பிள்ளையின் சித்தப்பா என் சட்டையைப் பிடித்தார். காஜாதான் நடுவில் புகுந்து, "அவரு தத்துவம் படிக்கிறவருங்க, விட்டுடுங்க" என்று சமாளித்தான்.

பிலோமினா பட்டன் தைத்துக்கொண்டே, "கல்யாணக்காரங்ககிட்ட போயி இப்படியா? ஒரு பேனருக்கா?" என்று கேட்டாள்.

வெயில் என்றேன். ஜனவரி மாதம் என்றாள்.

13 மார்ச் 2016

இந்தியத் தத்துவ வகுப்பு. அறிவு எந்தெந்த வழியில் வருகிறது என்று பாடம். பார்த்துத் தெரிவது, ஊகித்துத் தெரிவது, பெரியவர்கள் சொல்லித் தெரிவது. கடைசியில் 'இன்மை' என்று ஒன்று வந்தது.

மேடம் மேசையைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "இந்த மேசை மேல பானை இருக்கா?"

"இல்லை" என்றோம்.

"எப்படித் தெரியும்?"

"பார்த்தோம்" என்றார் சின்ன சிஸ்டர்.

"எதைப் பார்த்தீங்க? மேசையைத்தானே? இல்லாத பானையை எப்படிப் பார்க்க முடியும்?"

நல்ல வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு சொன்னார். காணவில்லை, ஆகவே இல்லை என்று எல்லா நேரமும் சொல்லிவிட முடியாது. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலைமை இருக்க வேண்டும். இருட்டு அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பானை இல்லை என்று சொல்லக் கூடாது.

நான் கேட்டேன். "நடுவுல ஏதாவது மறைச்சிருந்தா மேடம்?"

"அப்ப நமக்குத் தெரிஞ்சது 'இல்லை' கிடையாது சார். 'தெரியலை' அவ்வளவுதான்."

"மறைக்குதுன்னு தெரிஞ்சிருந்தும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "அது அறவியல் சார். அடுத்த வருஷப் பாடம்."

தலைவலி. இன்று இவ்வளவு போதும்.

17 மார்ச் 2016

ரேஷன் கடைக்குப் போனேன். பாமாயில் வரவில்லை. மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாற்றினேன். சாயங்காலம் ஆலயத்தில் தவக்காலப் பிரார்த்தனை. பிலோமினா முன்னால் உட்கார்ந்தாள், நான் கடைசி வரிசை.

அந்தச் சந்து முனையில் ஒரு பேனர் இருந்தது.

18 மார்ச் 2016

நேற்று எழுதியதை இன்று காலை எடுத்துப் படித்தேன். கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். நோட்டின் நடுப்பக்கம், கிழித்தால் அந்தப் பக்கத் தாளும் சேர்ந்து வந்துவிடும். எழுதிவிடுகிறேன்.

காதணி விழா பேனர். லைட் கம்பத்துக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவில், ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்தது. அது வந்த அன்றைக்கே கவனித்தேன். சந்திலிருந்து வருகிறவர்கள் தெரிய மாட்டார்கள் என்று நினைத்தேன். மூன்று நாள் அந்த இடத்தில் ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்துத்தான் போனேன். நான்காவது நாள் வேடசந்தூரில் ஆறு நிமிஷம் லேட். குறைக்கவில்லை. இடது பக்கம் பார்த்தேன். பார்த்தது பேனரை. யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போலீஸ் வந்தபோது பேனர் அங்கே இல்லை. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் பேனரைப் பற்றிக் கேட்கவில்லை. கோர்ட்டில் அந்த மைத்துனர் சொன்னதும் நான் சொன்னதும் ஒத்துப்போயின. அவர் ஏன் சொன்னார் என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

20 மார்ச் 2016

ஞாயிறு பூசை முடிந்து வந்து பிலோமினாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"கோர்ட்டுல யாரும் கேக்கலையா?"

"கேக்கலை."

"கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன்."

"நெசமாவா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமாகவும் இருக்கலாம்.

"இதுக்குத்தான் இந்தப் படிப்பா? படிச்சு முடிச்சா சரியாயிடும்னு நெனச்சீங்களா?"

"தெரியலை."

"செப்டம்பர் மாசம் வேடசந்தூருல உங்களுக்கு என்ன வேலைன்னு நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கேனா?" என்றாள். "என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப் போகுது. சொல்ல வேண்டிய இடம் வேற."

ஆட்டுக்கறிக் குழம்பு நன்றாக இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

29 ஜூலை 2016

அளவையியல் பாஸ்! ஐம்பத்திரண்டு மதிப்பெண். இரண்டாம் வருஷப் பாடங்களும் எல்லாம் பாஸ். காஜா ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருக்கும் தேன்மிட்டாய் கொடுத்தான். மைக்கில், "தத்துவம் அவர்கள் அளவையியலில் தேர்ச்சி பெற்றார்" என்று வேறு சொல்லிவிட்டான். நத்தம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மா, அது எந்த ஊர் என்று கேட்டார்.

காலண்டர் தாளில் பச்சையும் ஆரஞ்சும் முடிந்தது. இனி ஊதா.

9 செப்டம்பர் 2016

காலையில் கிளம்பும்போது பிலோமினா கூட வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். இஸ்திரி போட்டிருந்தது. எப்போது போட்டாள் என்று தெரியவில்லை.

டீக்கடையில் நிற்கவில்லை. ரோட்டைத் தாண்டினேன். இரண்டு பக்கமும் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் தாண்டினேன். சந்துக்குள் இரண்டாவது வீடு. ஓட்டு வீடு, முன்னால் சிமெண்ட் போட்ட களம். கண்ணுச்சாமியின் மனைவி நாச்சம்மா நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். கோர்ட்டில் பார்த்தது. தலை நரைத்திருக்கிறது.

நான் பேச வாயைத் திறப்பதற்குள், "நீங்க டிரைவருதானே?" என்றார். "ரெண்டு வருசமா எதுத்தாப்புல நின்னுட்டுப் போனீங்க. இன்னிக்காச்சும் வந்தீங்களே."

மனப்பாடம் செய்துகொண்டு போனது ஒன்றும் வரவில்லை.

"அம்மா, அன்னிக்கு அந்த முக்குல ஒரு பேனர் இருந்துச்சு. சந்து தெரியாதுன்னு எனக்குத் தெரியும். மூணு நாளு மெதுவாத்தான் போனேன். அன்னிக்கு ஆறு நிமிசம் லேட்டு. அதனால மெதுவாப் போகலை. கோர்ட்டுல இதை நான் சொல்லலை."

அவர் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். வீட்டுப் பக்கம் திரும்பி, "ராசப்பா, வெளிய வா" என்றார்.

கோர்ட்டில் சாட்சி சொன்ன அந்த மைத்துனர் வந்தார். அன்று திவசம் என்பதால் வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"இவரு சொன்னது காதுல விழுந்துச்சா?" என்று நாச்சம்மா கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு என்னிடம் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தப் பேனரை நான்தாங்க கட்டுனேன். எம்புள்ள காதுகுத்துக்கு. மாமாவே சொன்னாரு, டேய் ரோடு மறைக்குதுடா, மேல தூக்கிக் கட்டுன்னு. நாளைக்குக் கட்டறேன்னு சொன்னேன். சத்தம் கேட்டு ஓடியாந்து பாத்தேன். எல்லாரும் அவருகிட்ட நிக்கிறாங்க. நான் போயி பேனரை அவுத்து ஆட்டுக் கொட்டாய்க்குப் பின்னால போட்டுட்டேன். போலீசு கேட்டப்போ ஒண்ணுமே இல்லைன்னேன்."

வாசலில் ஒரு சேவல் கடலையைக் கொத்திக்கொண்டிருந்தது. யாரும் விரட்டவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் நாச்சம்மா. "நானும்தான் வாயத் தொறக்கலை. கூடப் பொறந்தவன் செயிலுக்குப் போயிருவானோன்னு பயம். அதுல உங்க மேல கோவப்படக்கூட எனக்கு வழியில்லாம போச்சு. கோர்ட்டுல உங்களை விட்டுட்டாங்கன்னு சொன்னப்போ, சரின்னுட்டு பஸ் ஏறி வந்துட்டேன்."

நான் கிளம்பலாமா என்று யோசித்தபோது நாச்சம்மா திடீரென்று எழுந்துவிட்டார்.

"ஆறு நிமிசமா?" என்று கத்தினார். "ஆறு நிமிசத்துக்கா? ஆறு நிமிசம் லேட்டாப் போனா கரூருல உங்களைத் தூக்குல போடுவாங்களா?"

நான் நின்றேன். ராசப்பன் குறுக்கே வந்தார். அவரையும் பிடித்துத் தள்ளிவிட்டார். "நீ நாளைக்குக் கட்டறேன்ன! நாளைக்கு! அந்த ஆளு சொல்லச் சொல்ல!" என்றார். அப்புறம் களத்திலேயே உட்கார்ந்து அழுதார். ஐந்து வருஷ அழுகை. ராசப்பனும் அழுதார். நான் என்ன செய்தேன் என்று எழுதவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. டைம் கீப்பராக இருந்தும் நேரம் பார்க்கவில்லை. கடைசியில் அவர் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தம்பின்னா மன்னிக்கணும். டிரைவருன்னா கோவப்படணும். ரெண்டு பேரும் செஞ்சது ஒண்ணா இருந்தா நான் என்னய்யா பண்ணுவேன்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. இரண்டு வருஷம் தத்துவம் படித்திருக்கிறேன்.

ராசப்பன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மூன்று பேரும் குடித்தோம். நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். சந்து முனைக்கு வந்தபோது நாச்சம்மாவின் குரல் பின்னால் கேட்டது.

"அடுத்த வருசம் அந்தப் பக்கம் நிக்க வேணாம்."

10 செப்டம்பர் 2016

'அந்தப் பக்கம் நிக்க வேணாம்' என்றால் இனி வராதே என்று அர்த்தமா என்று பிலோமினாவிடம் கேட்டேன். "வீட்டுக்கு வாங்கன்னு அர்த்தம். ரெண்டு வருசமா என்னதான் படிக்கிறீங்க?" என்றாள். பிறகு குளிக்கப் போனேன். ரொம்ப நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

4 டிசம்பர் 2016

இன்று ஊதா நிறத்தில் முதல் அசைன்மெண்ட் திரும்பி வந்தது. ஓரத்தில் மேடம் எழுதியிருந்தார்: 'வாக்கியங்கள் நீளம். யோசனை நன்று.' எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

வகுப்பு முடிந்ததும், "இப்ப முன்னைவிட நல்லா தூங்கறீங்களா சார்?" என்று கேட்டார். நான் அவரிடம் எதுவும் சொன்னதே இல்லை.

"தூங்கறேன் மேடம்."

"நல்லது" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

21 பிப்ரவரி 2017

ராசப்பன் ஸ்டாண்டுக்கு வந்தார். மகளுக்கு செருப்பு வாங்க திண்டுக்கல் வந்தாராம். கூண்டுக்கு வெளியே நின்று அரை மணி நேரம் பேசினோம். மழை இல்லை என்பது பற்றி, கடலை விலை பற்றி. கிளம்பும்போது, "அக்கா வீட்டுல நான் இப்ப உக்காந்து சாப்பிடறேங்க. அஞ்சு வருசமா நின்னுக்கிட்டே காப்பி குடிச்சிட்டு ஓடிருவேன்" என்றார். அவருடைய பஸ்ஸை இரண்டு நிமிஷம் நிறுத்தி வைத்தேன். அவர் ஏறுகிற வரைக்கும்.

14 மே 2017

கடைசிப் பரீட்சை, அறவியல். 'ஒருவர் தான் அறிந்திராத விளைவுக்குப் பொறுப்பாவாரா?' என்று ஏழாவது கேள்வி. சொந்தக் கதை எழுதக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எழுதவில்லை. ஒரு படகோட்டியை வைத்து எழுதினேன். படகு ஓட்டத் தெரியாது, தண்ணீரில் ஹாரன் உண்டா என்றும் தெரியாது. அறிந்திராதது வேறு, அறிய மறுத்தது வேறு என்று ஆரம்பித்தேன். கூடுதல் தாள் கேட்டு வாங்கினேன். மேற்பார்வையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வெளியே வந்தபோது சின்ன சிஸ்டர் கேட்டார், "அண்ணே, ஏழாவது கேள்விக்கு என்ன எழுதுனீங்க?"

"எல்லாத்தையும் எழுதிட்டேன் சிஸ்டர்."

18 ஆகஸ்ட் 2017

பி.ஏ. இரண்டாம் வகுப்பு. அறவியலில் அறுபத்தெட்டு, நான்கு பேரில் அதுதான் அதிகம். தமயந்தி மேடம் போன் செய்து சொன்னார். "பார்த்தீங்களா, சும்மா வந்தவங்க" என்றார்.

பிலோமினா அடுப்படிச் சுவரிலிருந்து அந்தத் தாளை எடுக்கவில்லை. அடியில் பேனாவால் தேதி மட்டும் போட்டாள். சாயங்காலம் பக்கத்து வீடுகளுக்கு அதிரசம் கொடுக்கப் போனவள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். என்ன பேசினாளோ, எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்து முதல் தடவையாக எழுந்து நின்றார்.

22 ஆகஸ்ட் 2017

டிப்போ மேனேஜரைப் பார்த்து, மறுபடியும் பஸ் ஓட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். முதுகு வலி என்னாச்சு என்று கேட்டார்.

"அப்படியேதான் சார் இருக்கு."

பாரத்தில் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம். பி.ஏ. தத்துவம் என்று நிதானமாக எழுதினேன். கண் பரிசோதனைக்குச் சீட்டு கொடுத்தார்கள்.

9 செப்டம்பர் 2017

நாச்சம்மா வீட்டில் பிலோமினாவும் நானும். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். என்னிடம் இரண்டு வார்த்தை, பிலோமினாவிடம் இருநூறு வார்த்தை. பஸ் ஓட்டப் போகிறேன் என்று சொன்னேன். இன்னும் ஒரு கரண்டி சாதம் வைத்தார். நான் போதும் என்று கையால் மறைத்தேன். கையை விலக்கிவிட்டு வைத்தார்.

18 செப்டம்பர் 2017

காலை ஐந்து ஐம்பதுக்கு முதல் டிரிப், திண்டுக்கல் – கரூர். காஜா அந்த டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு என் கூட வந்தான். சீட்டில் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். கால் மறக்கவில்லை.

வேடசந்தூர் தாண்டி அந்த முனை. வேப்ப மரம் நின்றது, கம்பம் நின்றது. நடுவில் ஒன்றும் இல்லை. சந்து உள்ளே வரைக்கும் தெரிந்தது. இருந்தும் குறைத்தேன். ஒரு ஆடு சந்திலிருந்து வந்து ரோட்டோரம் நின்று என்னைப் பார்த்தது. நிறுத்தினேன். போகலாமா வேண்டாமா என்று நன்றாக யோசித்துவிட்டுத்தான் போனது. பின்னால் லாரிக்காரன் ஹாரனிலேயே திட்டினான். அடிக்கட்டும் என்று இருந்தேன். காலை வெயில் இரண்டு பக்கமும் சோளக் காட்டில் விழுந்திருந்தது. இந்த ரோடு இவ்வளவு அழகு என்று பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் கவனிக்கவில்லை.

கரூர் சேர்ந்தபோது பதினோரு நிமிஷம் லேட். காஜா டிரிப் ஷீட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தான்.

"தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னண்ணே எழுத? டிராபிக்னு போட்டுரவா?"

"டிராபிக் எங்க இருந்துச்சு?"

"அப்ப டயர் பஞ்சர்?"

"இல்லாததை எழுதாத."

"பின்ன என்னதான் எழுதறது?"

"டிரைவர் பாத்துப் பாத்து வந்தாருன்னு எழுது."

என்னைப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். குனிந்து, அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுத்துகளை நெருக்கி நெருக்கி, அப்படியே எழுதினான். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.